ஒரே கதவுள்ள வீடு

ஒற்றை நாற்காலியில் ஆராய்ச்சிக்காரப் பெண்மணி, தையல் மெஷின் ஸ்டூலில் அப்பா, கட்டில் ஓரத்தில் அம்மா, தரையில் தங்கையை மடியில் தூங்கவைத்தபடி மகள். ஏதோ கையெழுத்து கேட்டு வந்தவள் மகளைப் பார்த்துக் கேள்விகளாக வாசித்தது அப்பாவுக்குச் சரியாகப் படவில்லை.

“கோபம் வந்தா உன் அறைக் கதவைச் சாத்திக்குவியா?”

“என் பொண்ணுக்குக் கோபமே வராது,” என்றார் அப்பா.

“இருக்கறதே ஒரு கதவு. சாத்தினா எல்லாரும் என்கூட உள்ளதான் இருப்பாங்க,” என்று மகள் சிரித்தாள்.

“அப்பாகிட்ட எதையாவது மறைப்பியா?”

“மறைக்கிற பழக்கமே இங்க கிடையாது!” அப்பா எழுந்தே விட்டார். “யாரும்மா உங்களை அனுப்பினது? வேவு பார்க்கறீங்களா? கையெழுத்தெல்லாம் கிடையாது!”

“என்னைப் பேச விட்டாத்தானே ஐயா! நான் பதில் கேட்டு வரலை, மாதிரிக்குத்தான் வாசிச்சுக் காட்டினேன். இதெல்லாம் வேற தேசத்துப் பிள்ளைங்களை மனசுல வச்சு எழுதின கேள்விங்க. இங்க எது பொருந்தாதுன்னு அடிச்சுத் திருத்தத்தான் உங்க பொண்ணை எங்க குழுவுல எடுத்திருக்கோம். நீங்க சம்மதிக்கணும்.”

அப்பா மகளைச் சந்தேகமாகப் பார்த்தார். “நீயா திருத்தறே?”

“பாதியை அடிச்சாச்சுப்பா. புதுசா ஒண்ணும் சேர்த்திருக்கேன்: ‘உன்னைக் கேட்டா, உனக்குப் பதிலா யார் பேசறாங்க?’”

அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதுக்கு நீ என்ன பதில் எழுதுவே?” என்றார் அப்பா.

“பதில் எழுதறது என் வேலை இல்லைப்பா.”

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அதை உறையிலிட்டு அழுத்தி ஒட்டி, ஆராய்ச்சிக்காரியிடம் கொடுத்தனுப்பினார்.