மகோக்காவின் பங்கு

ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தால் இரைப்பை வீட்டு ஆம்பிளைக்குத்தான். பெண்கள் வாயில் வைக்கக் கூடாது. புருஷன் மகோக்கா செத்துப் பத்து மாதமாகியும் நெலிமா அதைத் தட்டில் போட்டு, அவகாடோ மரத்தடியில் அவன் உட்காரும் கல்லருகே வைத்துவந்தாள். தோலையும் கொழுப்பையும் கோழிகளுக்கு இறைத்தாள்.

"ஒரு பிடிக்கு மேல போடாதீங்க அண்ணி. கறி ருசி கண்டா ஒண்ணையொண்ணு கொத்திக்கும்" என்பாள் நாத்தனார் ககாசா.

ஏழு கோழிகளும் தோலுக்கு அடித்துக்கொள்ளும். தட்டுப் பக்கம் மட்டும் போகாது. அவன் வந்தால் ஒதுங்குவதுபோல ஒதுங்கி நிற்கும். நெலிமா சோளக்களி கிண்டிவிட்டு வந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். நிழலில் கிடக்கும் அந்தக் கல்லைத் தொட்டால், யாரோ உட்கார்ந்து எழுந்த சூடு இருக்கும்.

போன வாரம், அப்படி என்னதான் ருசி என்று, அதில் ஒரு துண்டை அவள் தின்றுவிட்டாள்.

இன்று தட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் ஏழும் பாய்ந்து இரைப்பையைப் பிய்த்தன.

"அப்பாடா, உங்க கோழிங்களுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்று ககாசா சிரித்தாள்.

அவள் போனதும் நெலிமா முதல்முறையாக அந்தக் கல்லில் உட்கார்ந்தாள். சில்லென்று இருந்தது.