ஆட்சேபணை இல்லை

"உக்காந்து போராடப் போறீங்களா, நின்னுக்கிட்டா?"

"உக்காந்துதானுங்க சார். நிக்கறதுக்கு யாருக்குங்க தெம்பு இருக்குது?" என்றாள் கண்ணாயி.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. காவல் நிலையத்தின் வாசலைக் கூட்டியாகிவிட்டது. நாட்குறிப்பில் தேதி போட்டாகிவிட்டது. டீ வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அந்தோணிசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதாதென்று டம்ளரைத் தள்ளி வைத்தார். அவர் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு போராட்டம்.

மேசையில் அனுமதி கேட்கும் மனு இருந்தது. அதை எழுதிய அசோக், கண்ணாயிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போடாத சட்டை.

"என்னம்மா பிரச்சினை?"

"பள்ளிக்கூடமுங்க. பெரக்கரை நாட்டுல எங்க ஊருக்கு ஒரே வாத்தியாரு. அவரையும் வாரத்துல மூணு நாளு மலைக்கு அந்தாண்ட எடப்புளி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சுப்புட்டாங்க. அந்த மூணு நாளும் இங்க பூட்டுதானுங்க. இருபத்தாறு புள்ளைக இருந்துச்சு. இப்ப பதினொண்ணு. மத்ததெல்லாம் கீழ ஹாஸ்டலுக்குப் போயிருச்சு. இன்னும் ரெண்டு போச்சுன்னா பள்ளிக்கூடத்தையே மூடிப்புடுவாங்களாம்."

"மனு கொடுத்துப் பாக்கறது?"

"ஒம்போது கொடுத்தாச்சுங்க. திங்கக்கெழமை யூனியன் ஆபீசுக்குப் பெரிய ஆபீசரம்மா வாராங்களாம். அவங்க கண்ணுல படற மாதிரி பொண்டுக பதினெட்டுப் பேரு உக்காரலாமுன்னு."

"அதெல்லாம் கிடையாது. ஆபீசர் வர்ற நேரத்துல நீங்க கத்துனா என்னைத்தான் கேப்பாங்க."

அசோக் தலை நிமிர்ந்தான்.

"பாதையை மறிக்கலை சார். மரத்தடியில, ஓரமா, ரெண்டு மணி நேரம். அமைதியா கூடறது அரசியல் சட்டத்துல இருக்கற உரிமை. நிபந்தனை போடுங்க, கேட்டுக்கறாங்க. மறுக்கறதா இருந்தா காரணத்தை எழுத்துல கொடுங்க."

"நீ யாரு, வக்கீலா?"

"இல்ல சார். மனு எழுதிக் கொடுத்தேன்."

"கோஷம்?"

"அதுவும் நான்தான்."

"படிச்சவன் ஒருத்தன் இருந்தாப் போதும். ஊரே உக்காந்துரும்."

அந்தோணிசாமி மனுவைக் கையில் எடுத்தார். இரண்டாவது கோரிக்கையில் அவர் கண் நின்றது.

"'இப்போதைய ஆசிரியரை மாற்றிவிட்டு, தினமும் வரும் ஒருவரை நியமிக்க வேண்டும்.' ஏம்மா, மூணு நாள் அனுப்புனது மேலிடம். அந்த மனுசன் என்ன பண்ணுவாரு?"

கண்ணாயி அசோக்கைப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லுங்கக்கா" என்றான் அவன்.

"தங்கமான மனுசனுங்க. ஆனா சம்சாரம் செத்து ஒண்ணரை வருசமாச்சு. அதுல இருந்து ஆளு ஆளாவே இல்லீங்க. வர்ற ரெண்டு நாளும் போர்டுல எழுதிப் போட்டுட்டு, சன்னலைப் பாத்து உக்காந்துக்குவாரு. அடிக்கறதில்ல, வையறதில்ல. புள்ளைக எழவு ஊட்டுல உக்காந்துட்டு வர்ற மாதிரி வருதுங்க. எம்புள்ள மூணாப்புப் படிக்குது. 'வாத்தியாரு ஒருநா அழுதுட்டாக்கூடத் தேவலாம்மா'ங்குது."

அசோக் பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த ஆணியை விரலால் தடவினான்.

"பாவம்" என்றார் அந்தோணிசாமி. பிறகு அசோக்கிடம் திரும்பினார். "இப்படிப்பட்ட ஆளுக்கு எதிராவா கோஷம் எழுதிக் கொடுத்திருக்க? அவருக்கும் உனக்கும் என்ன தகராறு?"

"தகராறு எதுவும் இல்ல சார். நல்லாத் தெரிஞ்சவர்தான்."

"தெரிஞ்சுமா?"

"இவங்க சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இல்ல சார். அதைச் சொல்ல ஒரு இடம் வேணும். உக்காரட்டும்."

அந்தோணிசாமி நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"காரணம் கேட்டியே, இந்தா. வாத்தியாருக்கு வேண்டியவங்க நாலு பேரு எதிர்த்து வந்தா கைகலப்பு ஆகும். சட்டம் ஒழுங்கு. அதனால, எனக்கு ஆட்சேபணை இல்லேன்னு வாத்தியார்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. வந்துட்டா, இந்த நிமிசமே அனுமதி. ஆனா ஒம்போது மணிக்குள்ள. ஒம்போதுக்கு நான் மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்குக் கிளம்பறேன்."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐம்பது. இந்த மலையில் ஓர் ஆளைத் தேடிப் பிடிக்க அரை நாளாவது ஆகும். பத்து நாளில் அவர் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

"வார்த்தை மாற மாட்டீங்களே சார்?" என்றான் அசோக்.

"இந்தக் காக்கிச்சட்டை மேல சத்தியம்."

"ஒரு வெள்ளைத் தாள் கிடைக்குமா?"

காவலர் கொடுத்தார். அசோக் முழங்கால் மேல் வைத்து நாலு வரி எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான். எழுந்து போய் மேசையில் வைத்தான். ஏனோ மூச்சு லேசாக வந்தது.

அந்தோணிசாமி அதைப் படிக்கக்கூட இல்லை. "விளையாடறியா? நீ எழுதிட்டா ஆச்சா? வாத்தியாரு கையெழுத்து எங்கய்யா?"

கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதுதானுங்க சார் வாத்தியாரு கையெழுத்து. எங்கூர்ல ஆபீசுக்கு எழுதத் தெரிஞ்சது இவரு ஒருத்தருதானுங்களே, இவரு மேல மனுன்னாலும் இவருகிட்டத்தானுங்க போவோணும்?"