செடிக் கொலைகாரர்

“இது எத்தனாவது கொலை, டுவைட்?”

லெனோர் மேடம் கேட்டதும் அறையே சிரித்தது.

சனிக்கிழமை காலைகளில் டொலிடோ நகர நூலகத்தின் அடித்தள அறையில் எங்கள் வீட்டுச்செடி மன்றம் கூடும். பன்னிரண்டு உறுப்பினர்கள், ஒரு பெட்டி டோனட், ஒரு தலைவி. செடி விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது தலைவி லெனோரின் அடக்கமான கருத்து.

டுவைட் புதிதாகச் சேர்ந்தவர். ஐம்பது வயது, கனத்த பூட்ஸ், அதைவிடக் கனத்த கைகள். சாகக் கிடக்கும் செடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாரம் தவறாமல் வந்துவிடுவார்.

“ஒன்பதாவது, மேடம்” என்றார் கூச்சத்தோடு. அவர் கையில் பழைய காபி டின். அதற்குள் இலை தொங்கிப்போன ஆர்க்கிட்.

லெனோர் பென்சிலால் டின்னைக் கிளறினார்.

“சேறு! மரத்துல தொத்தி வளர்ற செடிங்க இது. வேருக்குக் காத்து வேணும். பைன் பட்டைச் சில்லும் கொஞ்சம் பெர்லைட்டுங்கிற வெள்ளைக் கல்லும்தான் போடணும். போன மாசமே சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க, மேடம்.”

“போன வாரம் கள்ளியைத் தேங்காய் நார்க்கழிவுல ஊறப்போட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி வயலட் பூச்செடியைக் களிமண்ணுல புதைச்சிருந்தீங்க. அடுத்த வாரம் என்ன, சிமென்ட்டா?”

மறுபடியும் சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த பெக்கிக்கு டோனட் புரையேறியது.

“ஆர்க்கிடை இப்படி நட்ட ஆளுக்குச் செடி வளர்க்கவே தகுதியில்ல. நம்ம மன்றத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. இவரை நீக்கலாம்கிறவங்க கை தூக்குங்க.”

எல்லோரும் தூக்கினோம். நானும்தான். வலது கையில் டோனட் இருந்ததால் இடது கையை.

டுவைட் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அந்த நோட்டோடு லெனோரிடம் போனார்.

“பட்டைச் சில்லை முதல்ல தண்ணில ஊற வைக்கணுமா, மேடம்?”

“எதுக்குக் கேக்கறீங்க? எப்படியும் சாகடிக்கத்தானே போறீங்க?”

டுவைட் தன் போனை நீட்டினார். ஒரு சமையலறை ஜன்னல். வரிசையாக எட்டுத் தொட்டிகள், ஏழில் செடி பச்சைப் பசேலென்று. வயலட் பூத்தே இருந்தது.

“நீங்க சொன்னபடி மண்ணை மாத்தினேன். ஏழும் பொழைச்சிருச்சு. கள்ளி மட்டும் இப்பத்தான் தேறிக்கிட்டிருக்கு.”

லெனோருக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. எங்கள் மன்ற வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

“அப்போ உங்க கைக்கு வரும்போதே இந்த லட்சணத்துலதான் வந்துச்சா? எந்தக் கடை? பேரைச் சொல்லுங்க, ஊர் பூரா நாறடிச்சிடறேன்.”

“விடுங்க, மேடம்.”

“எப்படி விடறது? வாயில்லாத உயிரை இந்தப் பாடு படுத்தினவங்க முகத்தை நான் பார்க்கணும்!”

டுவைட் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த என்னைத் தவிர யாருமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கடையில வாங்கல, மேடம். நான் குப்பை லாரி ஓட்டறேன். அந்த எட்டும் நம்ம மன்றத்து ஆளுங்க வீட்டுக் குப்பைத் தொட்டியில கெடந்தது. இந்த ஆர்க்கிட், செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக் குப்பைத் தொட்டியில, இதே சேத்தோட... எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாமேன்னுதான் பேசாம இருந்தேன்.”