மருதாணி விரல்

"எண்பத்தாறுதான் காட்டுது குழலி. ஆம்புலன்ஸக் கூப்பிடவா?" மதியழகன் அவள் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். கல்யாணமாகிப் பத்தே நாள், இருவருக்கும் கொரோனா. ஆக்சிஜன் குறைந்தவரை மட்டும்தான் ஏற்றிப் போவார்கள், துணைக்கு யாரும் போக முடியாது.

"எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு," என்றவள் ஆக்ஸிமீட்டருக்குள் இருந்த விரலைப் பார்த்தாள். நகம்வரை மருதாணி கறுத்திருந்தது. கழற்றி, மருதாணி வைக்காத கால்விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு!

"மருதாணிகிட்ட ஏமாந்த மாப்ள நீங்கதான்!" சிரித்தபடியே அவன் விரலில் மாட்டினாள். மூன்று நாளாக அவளை மட்டுமே அளந்தவன்.

எண்பத்தெட்டு. அந்த விரலில் மருதாணி இல்லை.

அவளே போனை எடுத்தாள்.

"நீ தனியா இருப்பியா?"

"யாரு தனியா இருக்கப்போறா? ஆம்புலன்ஸ்காரங்க வந்து அளந்தா நான் மருதாணிக் கையத்தான் நீட்டுவேன், கால்விரல இல்ல."

வாசலில் சைரன் நின்றது. பத்து விரலையும் விரித்தபடி குழலி கதவைத் திறந்தாள். அவளையும் ஏற்றிக்கொள்வார்கள்தானே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?