இரண்டு செம்பு தண்ணீர்

பாளையங்கோட்டை வீட்டின் உள்ளறைச் சன்னல் பாதி திறந்திருக்கிறது. வெளியே காலையிலேயே கொடித்துணி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. அந்த வெயிலில் முளை கருகிவிடும் என்றுதான், பெங்களூருக்கு வேலைக்குப் போகும்முன் மகள் ஷெரின் தக்காளியையும் கொத்துமல்லியையும் காகிதக் கோப்பைகளில் விதைத்து, இந்தச் சன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்றுகள், இன்று தண்டடி அழுகி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கின்றன. மண் சேறாக மினுங்குகிறது. கோப்பைகளின் அடி ஊறிப் பிதுங்கியிருக்கிறது. அவள் அப்பா ஞானதுரை கையில் செம்போடு அவற்றையே பார்த்து நிற்கிறார். வழக்கமாக விடியும்முன் ஊற்றிவிடுகிறவர், இன்று அயர்ந்து தூங்கிவிட்டார். பின்னால் கொலுசு சத்தம் நிற்கிறது. திரும்பினால் மனைவி கெசியா. அவள் கையிலும் ஒரு செம்பு. மகளை வெளியூர் அனுப்புவதில் மூண்ட சண்டையில் இருவருக்கும் நின்றுபோன பேச்சு, அவள் போன பிறகும் திரும்பவில்லை. மின்விசிறி மட்டும் கடகடக்கிறது.

“நீயுமா தண்ணி ஊத்துத?” அவர் குரல் கரகரக்கிறது.

“எங்கிட்டதான ஊத்தச் சொல்லிட்டுப் போனா.”

“எங்கிட்டயும் சொன்னாளே.”

கெசியா குனிந்து ஒரு தக்காளி நாற்றை விரல்நுனியால் நிமிர்த்துகிறாள். விரலை எடுத்ததும் அது மெல்லச் சாய்கிறது. ஈரக் கையைச் சேலையில் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

“பிள்ள நம்ம ரெண்டு பேர்ட்டயும் தனித்தனியா சொல்லிட்டுப் போயிருக்கா, பாத்தியளா.”