அழாத பிள்ளை

“உன்ட பிள்ளைட வாயில முழுநாளும் ரப்பர் சூப்பிதானாமே? பக்கத்து வீட்டுத் தெய்வமணி கிளினிக்கில வந்து சொல்லிற்றுப் போறா.”

படலையைத் திறக்கும்போதே கேட்டார் மருத்துவிச்சி சுலோஜனா மிஸ்.

கலாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலிச் சண்டையில் தெய்வமணியோடு பேச்சு நின்று ஒரு வருடமாகிறது. புருஷன் கத்தாரில். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. ஆரையம்பதி வீட்டில் அவளும் மூன்று மாதப் பிள்ளையும் மட்டும்தான். இதில் கோள் மூட்டவும் ஒருத்தி!

“அவவுக்காகத்தான் மிஸ் சூப்பியே வாங்கின. பிள்ளைய வீட்ட கொண்டு வந்த அண்டைக்கு அது வீரிட்டு அழக்குள்ள வேலியடியில வந்து முறைச்சுக்கொண்டு நிண்டா. சத்தம் தொந்தரவாக்கும் எண்டு நினைச்சன்.”

மிஸ் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார்.

“நித்திரையாக்கக் கொஞ்ச நேரம் குடுத்தா நான் ஒண்டும் சொல்லமாட்டன். பிள்ளையும் அடங்கும், உனக்கும் கை ஓயும். ஆனா பசிக்கு அழுறதையும் இது அமத்திப்போடும். இஞ்ச பாரு, இந்த மாசம் நிறை கூடவே இல்ல.”

மிஸ் போனதும் கலாஜினி சூப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மத்தியானம், வயிறு நிறையக் குடித்த பிறகும் பிள்ளை அழத் தொடங்கியது. மடியில் போட்டாள், தொட்டிலில் ஆட்டினாள், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவளும் சேர்ந்து அழுதாள். ஏனென்று கேட்க ஆளில்லாத வீட்டில் வெட்கமென்ன?

படலை திறந்தது. தெய்வமணி!

சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கலாஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இஞ்ச தா பிள்ளைய.”

தெய்வமணி வாங்கித் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள். பெரிய ஏப்பம். அழுகை நின்றது.

“வயித்துக்குள்ள காத்து. நீ சாப்பிட்டியா?”

“சத்தம் பிடிக்காமத்தானே அண்டைக்கு முறைச்சீங்க? மறுகா ஏன் மிஸ்ஸிட்ட போய்ச் சொன்னீங்க?”

“முறைச்சனா? வருவமா விடுவமா எண்டு நிண்டன். அடுத்த நாளே நீ சூப்பிய வச்சு அடைச்சிற்றாய்.”

“வந்திருக்கலாமேக்கா...”

தெய்வமணி பிள்ளையின் தலையை முகர்ந்தாள்.

“கோவிச்ச வீட்டுக்குக் கூப்பிடாம வாறதெண்டா, ஒண்டு செத்தவீடா இருக்கணும். இல்லாட்டிப் பிள்ளை அழணும். மூண்டு மாசமா நான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கன் புள்ள.”