செம்பு கறுத்த நாள்

ஒரு கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் குழாய்க்குள் செம்பும், வெள்ளிபோல் மின்னும் பல்லேடியம் என்ற உலோகமும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. வயலில் போட்ட உரம் நைட்ரேட்டாகத் தண்ணீரில் கலந்து, ஆளுக்கு மூன்று ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வரும். அதில் ஒன்றைச் செம்பு பிடுங்கிக் கொடுக்கும். பல்லேடியம் அதை வாங்கி, குழாய்க்குள் செலுத்தும் ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கிவிட்டு, மிச்சம் இரண்டையும் தானே கழற்றும். கடைசியில் வெறும் நைட்ரஜன் குமிழியாகப் பறந்துவிடும்.

ஒரு நாள், தண்ணீரைச் சோதிக்கும் கோகிலவாணி குழாயைத் திறந்து பார்த்தாள். "ரெண்டும் போட்டது போட்டபடியே இருக்கு" என்று மூடிவிட்டுப் போனாள்.

செம்புக்குக் குழப்பமாகிவிட்டது. "ஏம்பா, இத்தனை நாளா நாம வேலை பார்த்தோமா, இல்லையா?"

"தண்ணி நல்லாத்தானே போகுது" என்றது பல்லேடியம்.

"அதுல என் பேரா எழுதியிருக்கு?"

மறுநாள் பிடுங்கிய ஆக்சிஜனில் ஒன்றைக்கூடச் செம்பு கொடுக்கவில்லை. பல்லேடியம் கெஞ்சியும், "சாட்சிக்கு இருக்கட்டும்" என்று உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு கறுத்துப்போனது. அதற்குப் பிறகு வந்த நைட்ரேட்டைப் பிடிக்க அதற்குக் கை ஒழியவில்லை. எல்லாம் அப்படியே தாண்டிப் போயின.

வெளியே ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நைட்ரேட் கலந்த தண்ணீர் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. நைட்ரேட்டைக் காட்டும் சோதனைத் தாள் சிவந்ததைப் பார்த்த கோகிலவாணி ஓடிவந்து பாட்டிலை வாங்கிக் கீழே கொட்டினாள். பிறகு செம்பும் பல்லேடியமும் இருந்த குழாயைத் திறந்து பார்த்தாள். பளபளவென்று இருந்த பல்லேடியத்தை முறைத்தாள்.

"பாவம், இந்தச் செம்பு ஒண்ணுதான் உழைச்சு உழைச்சுக் கறுத்துப்போயிருக்கு."

ஏங்கிய பாராட்டு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் செம்புக்குத் தெரியவில்லை.